கஞ்சித் தொட்டி



பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் சித்திரங்களோடு 1872-இல் வெளிவந்த இலண்டன் நூலில் ஒரு காட்சி உண்டு. வீடற்ற ஏழைகள் இரவுத் தங்குமிடத்தில் பெட்டி போன்ற படுக்கைகளில் வரிசையாய்க் கிடக்கின்றனர். ஒருவர் நின்று விவிலியம் வாசிக்கிறார். கஞ்சிக் கலயத்தைக் காணோம்!

சென்னையிலோ, ஹைதர் அலி போரால் பஞ்சம் நேர்ந்த 1782-இல், கஞ்சி வார்க்கவே மணியக்காரர் சத்திரம் எழுந்தது. பின்னர் அங்கே மருத்துவமும் சேர்ந்து, ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. பெயர் ஆளுநருடையது, ஆயினும் மக்கள் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர்.

கல்லாற்றில் நம் அன்னதான நிதிக்கு எந்தப் புரவலர் பெயரைச் சூட்டுவதென்று மூன்று கூட்டங்களாக வாதிடுகிறோம். உலை வைக்கும் நாளை எவரும் இன்னும் குறிக்கவில்லை.