கரண்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



வகை பிரிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையிலே ரெண்டு இலையும் மொட்டும் எது, முத்தல் எது என்று உங்க விரலே சொல்லிவிடும். ஸ்டோரிலே காய்ந்த தூளைச் சல்லடையில் போட்டுப் பெரிசு, சின்னது, டஸ்ட் என்று பிரிக்கிறார்கள். மூன்று வயசுப் பிள்ளை கரண்டியையும் போத்தல் மூடியையும் பரப்பி வைத்துக்கொண்டு செய்வதும் அதே வேலைதான். நாமோ, "வீட்டை நாசமாக்குறியா?" என்று பிடுங்கி வைக்கிறோம்.

போன மாதம் ஒரு பிள்ளையிடம் நாலைந்து சாமானைக் கொடுத்து, "ஒண்ணா இருக்கிறதைச் சேர்த்து வை" என்றேன். படங்கு, கொழுந்துக் கூடை, ஒரு தேத்தண்ணிக் கோப்பை மூன்றையும் ஒன்றாக வைத்தாள். நான் அவசரப்பட்டு, "கோப்பை அங்க இல்லம்மா" என்று எடுத்துவிட்டேன். பிள்ளை முகம் வாடிப்போச்சு. "அது எல்லாம் அம்மாவோடது" என்றாள். தப்பு என்னுடையது. அவள் யாருடையது என்று பார்த்துப் பிரித்திருக்கிறாள். அதனால் "தப்பு" என்று சொல்வதற்கு முன்னால், "ஏன் இப்படி வச்சே?" என்று கேளுங்கள்.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே, இன்ஹெல்டர் என்ற பெண்மணியோடு சேர்ந்து இதையே ஆராய்ந்து 1959இல் புத்தகம் எழுதினார். சின்னப் பிள்ளை முதலில் நிறத்தைப் பார்த்துச் சேர்க்கும், பாதியில் அதை விட்டு வடிவத்துக்குத் தாவும். அது மந்தம் இல்லை, வயசு. நீங்களும் சோதிக்கலாம். ஏழு வெள்ளைப் பொத்தான், மூன்று கறுப்புப் பொத்தான் வையுங்கள். "வெள்ளைப் பொத்தான் கூடவா, பொத்தான் கூடவா?" என்று கேளுங்கள். ஐந்து வயசுப் பிள்ளை பெரும்பாலும் "வெள்ளை" என்றே சொல்லும். ஏழு, எட்டு வயசில்தான் பத்துமே பொத்தான் என்பது பிடிபடும். கூட்டல் கழித்தல் விளங்க இது வேணும். முதலாம் ஆண்டில் திணறும் பிள்ளைக்கு அடி கொடுத்து இது வராது.

காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை. துவைத்த உடுப்பை மடிக்கும்போது, "அப்பா உடுப்பு எது, தம்பி உடுப்பு எது?" என்று கேட்டாலே போதும். வாசலில் உதிர்ந்த இலையைப் பெரிசு சிறிசாகப் பிரிக்கலாம். வேலை முடிந்து வந்து இடுப்பு ஒடிகிற நேரத்தில் தனியாக உட்காரச் சொல்லவில்லை, சமைக்கும்போதே கேளுங்கள். பாட்டிமாரே, பகலில் இது உங்க கையில்தான் இருக்கிறது. தகப்பன்மாரும் கேட்கலாம், மீசை உதிராது.

ஒன்று மட்டும் கண்டிப்பு. மூன்று வயசுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொத்தான், பயறு, கொட்டை எதுவும் கொடுக்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். பெரிய பிள்ளையானாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேணும். மருந்தடிக்கிற போத்தலோ அதன் மூடியோ, எத்தனை தரம் கழுவியிருந்தாலும், பிள்ளை கைக்குப் போகவே கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற மூடி, பழைய கரண்டி, துணித்துண்டு ஆளுக்கு நாலு கொண்டு வாங்க. பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு பெட்டி சேர்த்துவிடலாம்.