பி பிளாக் மாமரம் ஏன் பூக்கவில்லை?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி பிளாக் பின்புறம் நிற்கும் இமாம்பசந்த் மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கார் நிறுத்தலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. போன வருஷம் கூடை கூடையாகக் கொடுத்த மரம் இந்த வருஷம் பூக்கவே இல்லை, அதனால் கிழடாகிவிட்டது என்கிறார்கள். கை தூக்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் கேளுங்கள்.

மாமரத்தில் பல ரகங்கள் ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், மறு வருஷம் ஓய்வெடுக்கும். மார்கழிக் குளிர் பட்டதும் இலையில் ஒரு மரபணு விழித்து, பூக்கச் சொல்லும் புரதத்தைக் கிளை நுனிக்கு அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்தால் பூங்கொத்து, இல்லாவிட்டால் வெறும் தளிர். போன கோடையில் காய் சுமந்த கிளையில் சேமிப்பு தீர்ந்திருக்கும். அறுவடைக்குப் பின் வந்த தளிரும் முற்றியிருக்காது. அதற்குக் குளிர் பட்டும் பயனில்லை.

நம் நீலமும் கல்லாமையும் வருஷம் தவறாதவை. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடக்கத்தி தசேரியோடு நீலத்தைச் சேர்த்துத்தான் மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் உருவாக்கியது. பெரியகுளத்தின் பி.கே.எம்.1, பி.கே.எம்.2 மாவிலும் நீலத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் விதையிலிருந்து வரும் மாங்கன்று பூக்கவே பல வருஷம் ஆகும். ஓர் ஆராய்ச்சியாளர் தன் சர்வீஸில் எத்தனை தலைமுறை பார்க்க முடியும்?

அமெரிக்காவில் பாப்லர் மரத்தின் பூக்கும் மரபணுவைப் பிளம் செடியில் வைத்து, ஒரு வருஷத்துக்குள் பூக்க வைத்தார்கள். வேண்டிய குணங்கள் சேர்ந்ததும், கடைசித் தலைமுறையில் அந்த மரபணு இல்லாத கன்றுகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறார்கள். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி. எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

நம் மரத்துக்கு வருகிறேன். மேல்தொட்டி வழியும் தண்ணீர் தினமும் அதன் வேரில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் ஈரம் காயாவிட்டால், மரம் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயை வாழைப் பக்கம் திருப்பினால் போதும், பிளம்பருக்கு அரைநாள் வேலை.

பாக்லோபியூட்ரசால் ஊற்றலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். தளிரைத் தூண்டும் ஜிப்ரலினை அது அடக்கும், பூவும் வரும். ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கும் மருந்து அது. நம் போர்வெல் பக்கத்திலேயே இருக்கிறது, எனக்குச் சம்மதமில்லை.

தீர்மானத்தை அடுத்த பங்குனி வரை தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அப்போதும் பூ வராவிட்டால், வெட்டுவதற்கு முதலில் கை தூக்குபவன் நானாக இருப்பேன்.