தண்ணீர்ச் சிக்கனமும் நீதியும்
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)

 

தண்ணீரையும் மின்சாரத்தையும் குறைத்துப் பயன்படுத்துமாறு மக்களைக் கேட்பதில் தவறில்லை. யாரிடம், எவ்வளவு குறைக்கிறோம் என்பதிலேயே நீதி அடங்கியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2015 முதல் 2017 வரை மழை பொய்த்தது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்னும் வரம்பை 2018 பிப்ரவரி 1 முதல் மாநகராட்சி விதித்தது. அதிகம் செலவிட்டோருக்குக் கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. மக்கள் ஒத்துழைத்தனர். ஊரெங்கும் குழாய்களை அடைக்க வேண்டிய நாள் வராமலே மழைக்காலம் வந்தது.

இது பாராட்டுக்குரியது. ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. நாளொன்றுக்கு 350 லிட்டர் சென்றதும் தானே அடைத்துக்கொள்ளும் கருவி ஏழை வீடுகள் பலவற்றில் பொருத்தப்பட்டது. நால்வர் வாழும் வீட்டிற்கு அது போதும். பின்கட்டுக் குடிசைகளும் சேர்ந்து ஒரே இணைப்பில் பன்னிருவர் வாழ்ந்தால் ஆளுக்கு 30 லிட்டர்கூடக் கிட்டாது. வசதி படைத்தோரோ சொந்த ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டனர். வீட்டைக் கணக்கிட்டவர்கள் தலைகளைக் கணக்கிடவில்லை.

நம் மார்க்கம் காட்டும் வழி தெளிவானது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் வாங்கிப் பொதுவாக்கினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். மத்ஹபுகளின் கணக்குப்படி அது முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரைதான்.

கோடையில் நம் பள்ளியின் கிணற்றில் நீர் குறையும்போதெல்லாம், தெருவுக்கு விடும் குழாயின் நேரத்தைக் குறைக்கலாம் என்ற பேச்சு எழுகிறது. அதனை நாம் ஏற்கலாகாது. அக்குழாயை நம்பியிருப்போர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நீர் பிடிக்கின்றனர். நாமோ குழாயைத் திறந்துவிட்டு முத்துக் கணக்கில் அல்ல, வாளிக் கணக்கில் ஒளூச் செய்கிறோம். முதலில் குறைய வேண்டியது நமது செலவே. ஒளூக் குழாய்களில் நீரின் வேகத்தைக் குறைப்போம். ஒழுகும் குழாய்களை மாற்றுவோம். அதன் பின்னும் தட்டுப்பாடு தீராவிடில், தெருவில் உள்ளோரையும் அழைத்து, தலைகளை எண்ணிப் பங்கிடுவோம். முன்கூட்டியே அறிவித்த பின்னரே எதையும் செய்வோம்.

இல்லாதவரின் குடத்தைக் குறைத்து மிச்சப்படுத்துவது சிக்கனமாகாது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீதியுடன் நடக்கத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.