கானைத் துப்பரவாக்குவோம்
(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கானைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில் தோட்டத்துண்டு எடுத்த எங்கட சனத்துக்கு இப்ப தலையிடி அதுதான். கானைத் துப்பரவாக்கு எண்டு தோட்டச் சங்கம் கடிதம் போட்டால், வெள்ளையள் எங்களைத்தான் குறிவைக்கிறாங்கள் எண்டு சிலர் கோபிக்கினம். அதே கடிதம் பக்கத்துத் துண்டு ஜேர்மன் கிழவருக்கும் வருது.

யாழ்ப்பாணத்தில் தண்ணியை இறைச்சுப் பயிர் செய்த ஆட்கள் நாங்கள். இஞ்சை தண்ணியை வெளியிலை அனுப்பினால்தான் பயிர். வில்ஹெல்ம்ஸ்பூர்க் எல்ப ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் உள்ள தீவு. சுற்றிவர அணை. பெருக்கு நேரம் ஆறு எங்கள் பாத்தியை விட உயரத்தில் நிற்கும். தொண்டைமானாற்று அணைக்கதவை நினைத்துப் பாருங்கள். அதுபோல இங்கேயும் பெருக்குக்கு மதகைப் பூட்டி, வற்றுக்குத் திறந்து மழைத்தண்ணியை விடுகிறார்கள். மிச்சத்தைப் பம்பால் இறைக்கிறார்கள். ஆனால் தண்ணி மதகுவரை போகவேணுமே! ஒருவர் தன்ர கானைப் புல்மண்ட விட்டால், மேலே இருக்கிற பத்துப் பேரின் லீக்சும் கரட்டும் அழுகிப்போகும்.

இந்த வித்தையைக் கொண்டுவந்தது ஆர் தெரியுமே? யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டின அதே ஒல்லாந்தர்தான். 1113 இல் பிறேமன் பேராயர் அவர்களுக்குச் சதுப்பு நிலம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினார். விளைச்சலில் பதினோராவது கதிர்க்கட்டு வரி. அதே நூற்றாண்டில் எங்களுக்குப் பக்கத்திலுள்ள அல்டெஸ் லான்ட் பகுதிக்கும் ஒல்லாந்தர் வந்தார்கள். நீளமான ஒடுக்கத் துண்டுகள், இடையிடையே கான், அந்தச் சேற்று நிலத்தில்தான் இன்று அப்பிள் காய்க்குது. பூக்கும் காலத்தில் இரவு உறைபனி வந்தால், சேர்த்துவைத்த தண்ணியையே பூவுக்குத் தெளிக்கிறார்கள். உறையும்போது தண்ணி விடுகிற வெப்பம் பூவைக் காப்பாற்றும். உயர்தரத்தில் மறைவெப்பத்தைச் சோதனைக்குப் பாடமாக்கினேன், கண்ணால் கண்டது இஞ்சைதான்.

அந்தக் காலத்துச் சட்டம் கடுமை. தன்ர பங்கு அணையைப் பராமரிக்க ஏலாதவன் மண்வெட்டியை அணையில் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போகவேணும். அதைப் பிடுங்கிறவனுக்கு நிலமும் சொந்தம், அணைப் பொறுப்பும் சொந்தம்.

1962 மாசி 16 இரவுப் புயலில் அணைகள் உடைந்து ஹம்பேர்க்கில் 315 பேர் செத்தார்கள். கூடுதலானோர் வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில். யுத்தத்தில் வீடிழந்து, தோட்டக் குடில்களிலேயே வருடக்கணக்காகக் குடியிருந்த சனமும் அதற்குள் அடக்கம். அவர்கள் இருந்ததும் இதே மாதிரித் தோட்டத்துண்டுகளில்தான்.

சரி, அலுவலுக்கு வாறன். மாரி மழைக்கு முன்னம், ஒரு சனிக்கிழமை, இரவு வேலை இல்லாத ஆட்கள் எல்லாரும் வந்தால் எங்கட ஆட்களின்ர கான் முழுவதையும் ஒரு நாளில் முடிக்கலாம். முழங்கால் சப்பாத்து என்னிடம் இரண்டு சோடி இருக்கு. வெட்டின புல்லை எறியாதேங்கோ, உக்கவிட்டால் பூசணிக்கு நல்ல பசளை.