பைனஸ் விறகும் வீட்டடுப்பும்



மலைநாட்டுச் சரிவுகளில் 1970களிலும் 1980களிலும் பெருமளவில் நடப்பெற்ற பைனஸ் மரங்களை நீங்கள் நன்கறிவீர்கள். 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, விறகடுப்பை மறந்திருந்தோரும் மீண்டும் அதனை நாடினர். எனினும் பைனஸ் விறகை அடுப்பிலிடப் பலர் தயங்குகின்றனர். அது பிசின் மரம், புகைபோக்கியை அடைத்துவிடும் என்பது அவர்தம் கருத்து. இதனைச் சிறிது ஆராய்வோம்.

குற்றம் பிசினிலும் பார்க்க ஈரத்திலேயே பெரிதும் உள்ளது. பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதில் வெப்பம் வீணாகின்றது. விறகு முற்றாக எரியாது புகைகின்றது. அப்புகை புகைபோக்கியின் உட்புறத்தில் தாராகவும் கரியாகவும் படிகின்றது. அப்படிவு தீப்பற்றின் கூரைக்கே ஆபத்து. புகைபோக்கி இல்லாத குசினியிலோ, சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும், அருகிலிருக்கும் குழந்தைக்கும் அப்புகை கேடு விளைக்கும். எம்மரத்தின் ஈரவிறகுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, மரத்தைத் துண்டாக்கியவுடன் பிளந்துவிடுங்கள். நிலத்தில் படாதவாறு கட்டைகளின்மேல் அடுக்கி, மேற்புறத்தை மாத்திரம் மூடி, பக்கங்களிற் காற்றோட விடுங்கள். ஆறு மாதமளவிலாவது உலரவேண்டும். நுனிகளில் வெடிப்புத் தோன்றி, இரு துண்டுகளைத் தட்டும்போது கணீரென ஒலித்தால் விறகு பதமாயிற்று எனக் கொள்ளலாம்.

பைனஸ் விரைவிற் பற்றி விரைவில் எரிந்துவிடும். எனவே அடுப்பை மூட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தி, நெடுநேரச் சமையலுக்குச் சவுக்கு, கொய்யா போன்ற வன்மரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுவழியை அடைத்து நெருப்பைப் புகையவிடாதீர்கள். புகைபோக்கியைக் காலந்தோறும் துப்புரவு செய்யுங்கள். வர்ணம் பூசிய பலகையையும் மருந்தூட்டிய தூணையும் ஒருபோதும் எரிக்கலாகாது. அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

தூய விறகின் சாம்பலிற் பொற்றாசியமும் சுண்ணாம்பும் உள்ளன. புளிப்புத்தன்மையுள்ள மரக்கறிப் பாத்திகளில் அதனை மெல்லிதாகத் தூவலாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேண்டாம், சொறிநோய் மிகக்கூடும். யூரியாவுடன் கலந்திடவும் வேண்டாம்; நைதரசன் வாயுவாகி வீணாகும்.

இறுதியாக ஒன்று. அரசாங்கத் தோட்டங்களிலுள்ள மரங்களை அனுமதியின்றித் தறித்தல் குற்றமாகும். முறையாகப் பெற்ற விறகை இன்றே பிளந்து அடுக்குங்கள். மாரிகாலத்தில் உங்கள் குசினி புகையின்றி இருக்கும்.