சிறுவர் நூலில் மறைந்துபோன பக்கம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காஞ்சிரங்குளம் இரு மொழிகள் உறவாடும் ஊர். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசுகின்றனர். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் நூல்களில் சோழன் உண்டு, பாண்டியன் உண்டு. ஆனால் அவர்கள் நாள்தோறும் நடக்கும் மண்ணின் கதை உண்டா? இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா இதுவே.

நமக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யன்காளி. தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது எனத் தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் 1893இல் வில்வண்டி ஏறிச் சென்ற வீரர் அவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பின்னர் பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுமி அமர்ந்தாள் என்பதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தனர். எரிந்து எஞ்சிய பலகை இன்றும் அங்கே காக்கப்படுகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

அதற்கும் முன்னர், தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். 1859இல் வெளியான அரச ஆணை அவ்வுரிமையை வழங்கிற்று. ஆயினும், உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையையும் உடன் வைத்தது.

இவ்வரலாறு ஒரு காலத்தில் பாடநூலில் இருந்தது. மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடையின் சமூக வரலாறு கூறும் இயல் ஒன்று இருந்தது. நாடார்கள் வேற்றிடத்திலிருந்து குடியேறியவர்கள் என அதில் எழுதியிருந்ததைக் கண்டு, 2012இல் தமிழகத் தலைவர்கள் கொதித்தெழுந்தனர்; அப்பகுதியை நீக்குமாறு வேண்டினர். 2016 டிசம்பரில் அப்பகுதியிலிருந்து தேர்வில் வினா கேட்கப்படாது என மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி அவ்வியல் முழுவதும் நூலினின்றும் நீக்கப்பட்டது.

அன்பர்களே! தலைவர்களின் சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பிழைக்கு மருந்து திருத்தமேயன்றி நீக்கம் அன்று. ஒரு சொல் தவறு என்று கூறப் புகுந்து, நம் பாட்டிமார் பட்ட பாட்டையே இழந்துவிட்டோம். கொடுமை செய்தவனுக்கு அதனினும் மேலான உதவி வேறு எது?

பிஞ்சு உள்ளங்களுக்கு இத்துயரக் கதைகள் எதற்கு என்று சிலர் கேட்பர். பஞ்சமியும் பிஞ்சு உள்ளந்தானே! அவள் பட்டதை அறிந்துகொள்ளும் வலிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. பக்கத்து இருக்கையில் அமர்ந்த மலையாளச் சிறுவனும் தானும் ஒரே கதையின் வாரிசுகள் என்பதை அவர்கள் அக்கதையின் வாயிலாகவே உணர்வர். எவரையும் பகைக்கக் கற்பிப்பதன்று நம் நோக்கம். எவரையும் தாழ்த்தாதிருக்கக் கற்பிப்பதே நோக்கம். அக்கல்வி நம் வீட்டு அடுக்களையிலும் திண்ணையிலும் முதலில் தொடங்கட்டும். பெண்ணெடுக்கும்போது சாதி பார்க்கும் நாம் பிள்ளைக்குச் சமத்துவம் போதித்தால், பிள்ளை எதை நம்பும்?

ஆகவே நாம் இரண்டு பணிகளை மேற்கொள்வோம். பஞ்சமியின் கதையையும் தோள்சீலைப் போராட்டக் கதையையும் சிறுவர்க்கேற்ற எளிய தமிழில் சிறு நூலாக்குவோம். அடுத்த பக்கத்தில் மலையாளத்திலும் அச்சிடுவோம். விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை ஊரூட்டம்பலத்திற்கு அழைத்துச் சென்று அப்பலகையைக் காட்டுவோம். "ஏன் எரித்தார்கள்?" என்று குழந்தை கேட்கும். தலைகுனியாமல், மறைக்காமல் விடை கூறுவோம். பாடநூல் மறந்ததைப் பெற்றோர் மறவாதிருப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க சமநீதி!