பழைய வோல்வோவை வாங்கலாமா?



தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு, வோல்வோ என்றதும் பெட்டி போன்ற ஒரு பெரிய காடிதான் நினைவுக்கு வரும். அதில் துரைமார்களும் பெரிய அதிகாரிகளும் வந்து இறங்குவார்கள். நாம் ஓரமாக நின்று பார்ப்போம். அதே காடி இன்று பழைய விலைக்கு வருகிறது. புதிய சிறிய கார் ஒன்றின் விலையில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் மகன் சொல்கிறான்: "அப்பா, சேமநிதிப் பணம் வந்திருக்கிறதே, அந்த வோல்வோவை எடுத்துவிடலாம்." அப்பாவுக்கும் உள்ளூர ஆசைதான். அம்மாதான் தயங்குகிறார். அந்தத் தயக்கத்திற்குக் காரணம் உண்டா, இல்லையா என்பதை இன்று சற்று விவரமாகப் பார்ப்போம்.

வோல்வோ சுவீடன் நாட்டுக் கார். கோதன்பர்க் நகரில் 1927ஆம் ஆண்டு அதன் முதல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. வோல்வோ என்ற இலத்தீன் சொல்லுக்கு 'நான் உருள்கிறேன்' என்று பொருள். அந்தக் கார் நமக்கு அந்நியமானதல்ல. 1960களின் பிற்பகுதியிலிருந்தே ஷா ஆலாமில் தொழிற்சாலை அமைத்து வோல்வோ கார்களைப் பூட்டி வந்தார்கள். இன்று நம் ஊர்களில் பழைய வோல்வோ என்று பேசப்படுவது பெரும்பாலும் 240 என்ற வகைதான். 1974இல் தொடங்கி 1993 வரை, பத்தொன்பது ஆண்டுகள், பெரிய உருவ மாற்றம் இல்லாமல் இந்த வகையைச் செய்தார்கள். உலகம் முழுவதற்குமாக 26 இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வண்டியின் கதவோ விளக்கோ அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வண்டிக்கும் பல வேளைகளில் பொருந்திவிடும்.

இந்தக் காரின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுவோம். இது பழுதுபார்ப்பதற்கு ஏற்றபடி செய்யப்பட்ட கார். முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது. இரு பக்கமும் கை நுழைய இடம் இருக்கிறது. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. எஞ்சின் வார்ப்பிரும்பு, அதன் தலை மட்டும் அலுமினியம். தோட்டத்தில் டிராக்டரையும் லோரியையும் கழற்றிப் பூட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதில் புரியாதது அதிகம் இல்லை. கேம் ஷாப்டைச் சுழற்றும் பெல்ட்டை ஏறத்தாழ 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது வழியில் அறுந்தாலும், 240இன் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடிப்பதில்லை. வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். புதுப் பெல்ட் போட்டால் மீண்டும் ஓடும். வேறு பல கார்களில் இதே பெல்ட் அறுந்தால் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும்.

ஆகையால் எஞ்சினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை துருவும் மின்கம்பியும். எஞ்சின் கெட்டால் வேறு வாங்கிப் போடலாம். அடித்தளம் உளுத்துப் போன வண்டிக்கு மருந்து கிடையாது. வாங்கப் போகிறவர்களோ எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, புதுச் சாயத்தின் பளபளப்பில் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சுவீடனில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காரை அரிக்கும். இங்கே அந்த வேலையை மழை செய்கிறது. முன்கண்ணாடி, பின்கண்ணாடி ஆகியவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்தால், நீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்கும். விரிப்பு மேலே காய்ந்திருக்கும். அடியில் தகடு அழுகிக்கொண்டிருக்கும். ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது ஒரு கைவிளக்கு, ஒரு சிறிய காந்தம், உட்கார்ந்து படுக்க ஒரு சாக்கு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தூக்கவிடவில்லை என்றால் அப்போதே வீடு திரும்பலாம். கதவின் கீழ்விளிம்பு, பின்சக்கரத்தின் மேல்வளைவு, ஜேக் வைக்கும் இடங்கள், பேட்டரியின் அடித்தட்டு, பின்பெட்டியில் உபரிச் சக்கரம் இருக்கும் குழி எல்லாவற்றிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகட்டில் அது ஒட்டும். துருவின் ஓட்டையை மாவு வைத்து அடைத்துச் சாயம் அடித்திருந்தால் ஒட்டாது. மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது மின்கம்பி. 1980 முதல் 1987 வரை வந்த வண்டிகள் பலவற்றில், எஞ்சின் பக்கமுள்ள கம்பிகளின் மேலுறை சூட்டில் பொருபொருவென்று உதிர்ந்துவிடும். கம்பியை மெதுவாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். செம்பு வெளியே தெரிந்தால் ஒரு நாள் வண்டி கிளம்பும், மறுநாள் கிளம்பாது, காரணமும் பிடிபடாது. முழுக் கம்பிக் கட்டையும் மாற்றுவதுதான் வழி. அது ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று கேட்டு, ரசீதும் கேளுங்கள். பியூஸ் பெட்டியின் முனைகளிலும் பச்சை பூத்திருக்கும். பியூஸ்களைக் கழற்றி, முனையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டினால், செத்துப்போன விளக்குகள் பல எரியத் தொடங்கும். அதற்குப் பட்டறைக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சினுக்கு ஒரு சோதனை சொல்வோம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு ரப்பர் கையுறையை மாட்டுங்கள். கையுறை உள்நோக்கிச் சுருங்கினால் நல்லது. பலூன் போல உப்பினால், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. அழுத்தம் கூடி எண்ணெய் சீல்களைத் தள்ளிவிடும். அடைப்பு எடுப்பது சிறிய வேலை. எடுத்த பிறகும் உப்பினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். நாம் வெட்டி எடுத்த பாலில் செய்த கையுறை இப்படியும் உதவுகிறது!

கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வண்டியில் அந்த எண்ணைச் சுற்றும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, எண் ஒரே இடத்தில் நின்றுபோவது மிகச் சாதாரணம். ஏமாற்று இல்லாமலேயே எண் பொய்யாக இருக்கலாம். குளிர்சாதனக் காற்றாடியை எல்லா வேகத்திலும் போட்டுப் பாருங்கள். அது முகப்புப் பலகையின் நடு வயிற்றில் புதைந்து கிடக்கிறது. மாற்ற ஒரு நாள் வேலை பிடிக்கும். தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்த வரலாறு உண்டா என்றும் விசாரியுங்கள். அலுமினியத் தலை கொதித்தால் வளைந்துவிடும்.

இனி, பணக் கணக்கு. தீபகற்பத்தில் தனியார் காருக்கான சாலை வரியை எஞ்சினின் அளவு தீர்மானிக்கிறது. 1.3 லிட்டர் புரோட்டோன் சாகாவுக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. 1,986 சிசி வோல்வோவுக்கு 373 வெள்ளி. 2,316 சிசி என்றால் 696 வெள்ளி! வெளியில் பார்த்தால் இரண்டு வோல்வோவும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்ரோலும் அப்படித்தான். வண்டியின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 114 லிட்டர். ஆறு லிட்டர் குடிக்கும் சிறிய கார் 62 லிட்டரில் அதே வேலையைச் செய்யும். பழைய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் தருவதில்லை. முழுக் காப்புறுதி எடுப்பதும் எளிதல்ல. ஆகவே கையிலுள்ள ரொக்கத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

நம்முடைய கருத்து இதுதான். கையில் பத்துப் பங்கு பணம் இருந்தால், ஆறு பங்குக்கு மேல் விலை கொடுக்காதீர்கள். மீதி நான்கு பங்கு முதல் ஆண்டிலேயே ரப்பர், குழாய், பிரேக், டயர் என்று போய்விடும். குறைந்த விலைக்கு வந்த உளுத்த வண்டியைவிட, விலை கூடினாலும் உடல் நல்ல வண்டியே மலிவு. வேலைக்குப் போக வீட்டில் மோட்டார் சைக்கிளோ வேறு வண்டியோ இருக்கிறது, பிள்ளைகளில் ஒருவருக்குக் கையில் தொழில் இருக்கிறது என்றால், தாராளமாக எடுங்கள். ஐந்து பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். பத்துமலைக்குப் போனாலும் பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாலும் உடம்பு நோகாது. இத்தனை நீள வண்டி குறுகிய தோட்டச் சாலையில் எளிதாகத் திரும்புவது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் காலைப் பிரட்டுக்குப் போவதற்கும் பள்ளிக்கூடத்திற்கும் இந்த ஒரே வண்டிதான் என்றால், வேண்டாம். அம்மாவின் தயக்கம் அங்கே நியாயமானதே.

'வோல்வோ என்றால் பாதுகாப்பு' என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மூன்று முனை இருக்கை வாரை 1959இல் உருவாக்கியவர் வோல்வோவின் பொறியாளர் நீல்ஸ் பூலின். அதன் உரிமத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ விட்டுக்கொடுத்தது. ஆயினும் நாற்பது ஆண்டு வெயிலில் கிடந்த வார் நூல் பிரிந்திருந்தால் பயனில்லை. ஒவ்வொரு வாரையும் முழுக்க இழுத்துப் பாருங்கள். வேகமாகச் சுண்டினால் அது பிடிக்க வேண்டும். பின்னிருக்கை வார்களைச் சிலர் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டிருப்பார்கள். 2009 முதல் நம் நாட்டில் பின்னிருக்கையிலும் வார் கட்டாயம். இன்றைய கார்களில் உள்ள காற்றுப்பை இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கடைசியாகப் பத்திரங்கள். சிலர் வோல்வோ எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தியிருப்பார்கள். அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் பதிவுச் சான்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்திலும் இதைத்தான் பார்ப்பார்கள். அங்கே எண் ஒத்துவராவிட்டால் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது. பழைய கடன் பாக்கி, கட்டாத சம்மன் எதுவும் உண்டா என்பதையும் விசாரியுங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் வண்டி எண்ணும், சோதனையில் தவறினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வரியும், விற்பவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். மீதிப் பணத்தைப் பெயர் மாறிய அன்று கொடுத்தால் போதும்.